39 பாஸ்களை நம்பி ஒரு குவார்ட்டர்பேக்: எல்எஸ்யு 2018, நிகழ்வு ஆய்வு

2018 ஏப்ரலில் வசந்தகாலப் பயிற்சி முடிந்தபோது லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து அணியில், சுருக்கமாக எல்எஸ்யுவில், மூன்று குவார்ட்டர்பேக்குகள் இருந்தார்கள்: மைல்ஸ் பிரென்னன், ஜஸ்டின் மெக்மில்லன், லோவல் நார்சிஸ். மூவரில் ஒருவர்கூட அதுவரை ஒரு கல்லூரி ஆட்டத்தையும் தொடக்க வீரராக ஆடியதில்லை. முந்தைய ஆண்டு அணியை நடத்திய டேனி எட்லிங் படிப்பை முடித்துக் கிளம்பிவிட்டார். (அவரே பர்டியூ பல்கலைக்கழகத்திலிருந்து டிரான்ஸ்ஃபராக, அதாவது கல்லூரி மாறி, வந்தவர்தான்.) 2017இல் 9 வெற்றி, 4 தோல்வி. அந்தத் தோல்விகளில் ஒன்று, சொந்த மைதானத்தில் டிராய் என்ற சிறிய அணியிடம் 24-21. தலைமைப் பயிற்சியாளர் எட் ஆர்ஜெரான் தாக்குதல் பயிற்சியாளரையும் மாற்றிவிட்டு, பழைய எல்எஸ்யு குவார்ட்டர்பேக்கான ஸ்டீவ் என்ஸ்மிங்கரை அந்த இடத்தில் வைத்திருந்தார். புதுத் திட்டம், அனுபவமில்லாத கை. முதல் ஆட்டத்துக்கு இருந்தது நான்கு மாதம் சொச்சம்தான்.

கிரிக்கெட்டில் தொடக்க ஆட்டக்காரர் சொதப்பினால் அடுத்து வருபவர் சமாளித்துவிடலாம். அமெரிக்கக் கால்பந்தில் அதற்கு வழியில்லை. தாக்குதலின் ஏறக்குறைய ஒவ்வொரு ஸ்னாப்பிலும் (பந்தைப் பின்னால் கொடுத்து ஆட்டத்தைத் தொடங்கும் கணம்) பந்து முதலில் குவார்ட்டர்பேக் கைக்குத்தான் வருகிறது. 10 யார்டு நகர நான்கு முயற்சிகள். ஒவ்வொன்றிலும் எதிரணி எப்படி நிற்கிறது என்று பார்த்து, தன் அணியைத் திருத்தி, பந்தை வாங்கி, இரண்டரை நொடிக்குள் முடிவெடுக்க வேண்டும். இந்த இடம் ஓட்டையாக இருந்தால் மற்ற பத்துப் பேர் எவ்வளவு நன்றாக ஆடினாலும் பயனில்லை.

அந்த ஓட்டையை எல்எஸ்யு அடைத்தது ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழக அணியின் பெஞ்சிலிருந்து வந்த ஜோ பரோவை வைத்து. அடுத்த ஆண்டு அவர் தேசியப் பட்டம் வென்று தந்ததைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். கவனிக்க வேண்டியது அதற்கு முந்தைய கட்டம்: மூன்று ஆண்டுகளில் 39 பாஸ் மட்டுமே எறிந்த ஒருவரை எதைப் பார்த்து எடுத்தார்கள் என்பது.

எண்கள் எதுவும் சொல்லவில்லை

ஒஹாயோ ஸ்டேட்டில் பரோவின் மொத்தக் கணக்கு: 10 ஆட்டங்கள், 39 பாஸ்களில் 29 தன் அணியினர் கைக்குச் சேர்ந்தன, 287 யார்டு, 2 டச்டவுன் (எதிரணியின் கடைசிக் கோட்டைத் தாண்டிப் புள்ளி எடுப்பது). 74 சதவீதம் என்று கணக்குப் போட்டு மயங்கக் கூடாது. அத்தனையும் ஆட்டம் கைக்கு வந்த பிறகு, எதிரணியும் மாற்று ஆட்களை இறக்கிய பிறகு எறிந்தவை. நெருக்கடியில் ஒன்றும் கிடையாது. இப்படிப்பட்ட எண்ணை வைத்து ஒருவரை எடுப்பதும், வேண்டாம் என்று தள்ளுவதும் ஒரே மாதிரித் தவறு.

பெஞ்சில் இருந்த குவார்ட்டர்பேக்கைத் தேடும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி: யாரிடம் தோற்றார், எதனால் தோற்றார்? பரோவின் விஷயத்தில் பதில் தெளிவாகவே இருந்தது. 2015இல் சேர்ந்து, அந்த ஆண்டு ஆடாமல் தகுதியைச் சேமித்துக்கொண்டார். 2016, 2017 இரண்டிலும் முன்னால் நின்றது ஜே.டி. பாரெட். 2017 ஆகஸ்டில் பயிற்சியின்போது பரோவின் எறியும் கையில் எலும்பு முறிந்தது. அவர் குணமாகிக்கொண்டிருந்த வாரங்களில் டுவேன் ஹாஸ்கின்ஸ் இரண்டாம் இடத்தைப் பிடித்துக்கொண்டார். நவம்பரில் மிச்சிகனுக்கு எதிராக பாரெட் காயப்பட்டபோது உள்ளே போனது ஹாஸ்கின்ஸ். போனவர் ஆட்டத்தை வென்றும் கொடுத்தார். 2018 வசந்தகாலக் காட்சி ஆட்டத்தில் பரோ 22 பாஸ்களில் 15 சேர்த்து 238 யார்டும் 2 டச்டவுனும் எடுத்தார். அது போதவில்லை.

ஆக, அவர் பின்தங்கியதற்குக் காரணம் திறமைக் குறைவு அல்ல. ஒரு எலும்பு முறிவு, கூடவே இன்னொரு உயர்தர ஆட்டக்காரர். அதே 2018 பருவத்தில் ஹாஸ்கின்ஸ் 4,831 யார்டும் 50 டச்டவுனும் எறிந்தார் என்பதைப் பின்னாளில் சேர்த்துப் பார்த்தால் அந்தத் தோல்வியின் எடை புரியும். எல்எஸ்யுவுக்கு மே மாதத்தில் அந்த எண் தெரியாது. ஆனால் ஒஹாயோ ஸ்டேட்டில் இரண்டாம் இடத்துக்குப் போட்டியிடுபவர் வேறு பல அணிகளில் முதல் இடத்துக்கு உரியவர் என்பது தெரியும்.

உள்ளே இருந்து வந்த தகவல்

ஆட்ட வீடியோ இல்லாதபோது கையில் இருப்பது மூன்றே பொருள்: பயிற்சி வீடியோ, உயர்நிலைப் பள்ளி வீடியோ, அவரைத் தினமும் பார்த்த மனிதர். மூன்றிலும் விலைமதிப்பு கூடியது கடைசிதான். எல்எஸ்யுவில் அந்த வசந்தத்தில் சேஃப்டிகளின் (தற்காப்பின் கடைசி வரிசை) பயிற்சியாளராக இருந்த பில் புஷ், 2015இல் ஒஹாயோ ஸ்டேட்டில் பணியாற்றியவர். பரோவை முதலாண்டு மாணவனாகப் பார்த்திருக்கிறார். எதிர்முனையில் சின்சினாட்டி பல்கலைக்கழக அணியின் தலைமைப் பயிற்சியாளர் லூக் ஃபிக்கெல் நின்றார். அவரும் முன்னாள் ஒஹாயோ ஸ்டேட் பயிற்சியாளர். கடைசிவரை தீவிரமாகப் போட்டியிட்ட இரண்டு அணிகளிலும் பரோவைப் பயிற்சியில் பார்த்த ஆள் ஒருவர் இருந்தது தற்செயல் இல்லை. மற்றவர்களுக்கு அவர் 39 பாஸ் எறிந்தவர், அவ்வளவுதான்.

உயர்நிலைப் பள்ளிப் பதிவும் பேசியது. ஒஹாயோவின் ஏதென்ஸ் என்ற சிற்றூரிலிருந்து வந்து 2014இல் அந்த மாநிலத்தின் சிறந்த பள்ளி ஆட்டக்காரர் என்ற விருதை வாங்கியவர். அப்பா ஜிம்மி பரோ அப்போது ஒஹாயோ பல்கலைக்கழகத்தின் தற்காப்புப் பயிற்சியாளர். பயிற்சியாளர் வீட்டுப் பிள்ளை என்பதைப் பொதுவாக ஒரு புகழ்ச்சியாகச் சொல்வார்கள். இங்கே அதற்கு நேரடிப் பொருள் உண்டு: எதிரணித் தற்காப்பு எப்படி யோசிக்கும் என்பதைக் கேட்டு வளர்ந்தவர்.

இப்படிப்பட்டவரை வளாகத்துக்கு வரவழைக்கும்போது மைதானத்தையும் உடைமாற்றும் அறையையும் சுற்றிக் காட்டுவது நேர விரயம். இருபத்தொரு வயதில் பட்டம் வாங்கியவர் ஜெர்சி போட்டுப் படம் எடுத்துக்கொள்ள வரவில்லை. வெள்ளைப் பலகை முன்னால் உட்கார வைக்க வேண்டும். உன் பழைய அணியில் இந்த ஆட்டத்துக்கு என்ன பெயர், மூன்றாவது முயற்சி 7 யார்டில் தற்காப்பு இப்படி நின்றால் பாதுகாப்பை எந்தப் பக்கம் திருப்புவாய், முதல் ஆள் மூடியிருந்தால் கண் அடுத்து எங்கே போகும் என்று கேட்க வேண்டும். பதிலைவிட, அது எவ்வளவு சீக்கிரம் வருகிறது என்பது முக்கியம். மனப்பாடம் செய்தவர் தன் அணியின் சொல்லில் மட்டுமே பதில் சொல்வார். புரிந்தவர் உங்கள் சொல்லைக் கேட்டு வாங்கிக்கொண்டு அதே சொல்லில் திருப்பித் தருவார். புது அணியில் முதல் மாதம் முழுக்க நடக்கப்போவது இந்த மொழிபெயர்ப்புதான்.

கையின் பழைய முறிவையும் தனியாகப் பார்த்தாக வேண்டும். எறியும் கையில் அறுவை நடந்திருந்தால் எக்ஸ்ரே அறிக்கை மட்டும் போதாது. ஈரப் பந்தை எறியச் சொல்ல வேண்டும், இடப்பக்கம் ஓடிக்கொண்டே எறியச் சொல்ல வேண்டும், நாற்பதாவது ஐம்பதாவது எறிதலில் பந்தின் சுழற்சி தளர்கிறதா என்று கவனிக்க வேண்டும்.

தாள் வேலை

பரோ மே 8 அன்று ஒஹாயோ ஸ்டேட்டை விட்டுப் போவதாக அறிவித்தார். அந்த மாதமே எல்எஸ்யு முடிவாகிவிட்டது. இந்த வேகத்துக்கு அடிப்படை ஒரு விதி. அப்போது, பட்டம் வாங்காமல் அணி மாறும் கால்பந்து வீரர் ஓராண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். பட்டதாரி என்றால் மேற்படிப்பில் சேர்ந்து உடனே ஆடலாம். பரோ மூன்றே ஆண்டில் பட்டத்தை முடித்துவிட்டதால் உடனடித் தகுதியும் இருந்தது, மீதம் இரண்டு பருவங்களும் இருந்தன. ஐந்து ஆண்டுக்குள் நான்கு பருவம் என்ற கணக்கில் அவர் செலவழித்தது இரண்டு பருவம், மூன்று ஆண்டு.

இந்த "மீதம் இரண்டு" என்பதைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். பட்டதாரி டிரான்ஸ்ஃபர்களில் பெரும்பாலானவர்களுக்கு மிஞ்சுவது ஒரே பருவம். ஒரே பருவம் என்றால் கற்றுக்கொள்ளும் ஆண்டே ஆடும் ஆண்டு. எல்எஸ்யுவுக்கு இது எவ்வளவு பெரிய வித்தியாசமாக முடிந்தது என்பதைக் கீழே பார்க்கலாம்.

பட்டம் பெறாதவரை எடுக்கும்போது எதிர்பாராமல் அடிபடும் இடம் மதிப்பெண் அலுவலகம்தான். மூன்றாம் ஆண்டு தொடங்கும்போது பட்டத்துக்கான பாடங்களில் 40 சதவீதம், நான்காம் ஆண்டில் 60, ஐந்தாம் ஆண்டில் 80 முடிந்திருக்க வேண்டும் என்பது கல்லூரி விளையாட்டை நிர்வகிக்கும் என்சிஏஏவின் கணக்கு. பழைய கல்லூரியில் முடித்த பாடங்களில் பாதியைப் புதிய கல்லூரி அந்தப் பட்டத்துக்கு ஏற்கவில்லை என்றால், 60இல் இருந்தவர் ஒரே நாளில் 30க்கு இறங்கிவிடுவார். பயிற்சியாளர் வாக்குக் கொடுப்பதற்கு முன்பே பாடப் பட்டியலைப் பதிவாளர் மேசையில் வைத்துவிட வேண்டும்.

மே முதல் செப்டம்பர் வரை

வசந்தகாலத்தின் 15 பயிற்சி நாட்கள் முடிந்த பிறகுதான் பரோ வந்தார். அதாவது என்ஸ்மிங்கரின் புதுத் திட்டத்தை மற்ற மூவரும் ஒரு சுற்று ஆடிவிட்டார்கள், இவர் ஒரு நாள்கூட ஆடவில்லை. கோடையில் பயிற்சியாளர்கள் வீரர்களோடு செலவிடும் நேரத்துக்கும் விதி உண்டு: வாரத்துக்கு 8 மணி நேரம், அதிலும் பெரும்பகுதி உடற்பயிற்சி. மிச்சத்தை வீரர்கள் தாங்களே செய்துகொள்ள வேண்டும். புது குவார்ட்டர்பேக் தன் ரிசீவர்களை (பாஸ் பிடிப்பவர்களை) அழைத்துக்கொண்டு வெயிலில் எறிந்து பழகுவது இந்த இடைவெளியில்தான். ஒவ்வொரு ரிசீவரும் எத்தனையாவது அடியில் சட்டெனத் திரும்புகிறார், தோளுக்கு மேலே வரும் பந்து யாருக்குப் பிடிக்கும், யாருக்குப் பிடிக்காது என்பதெல்லாம் எந்தப் பிளேபுக்கிலும் எழுதியிருக்காது.

ஆகஸ்டில் முகாம் தொடங்கியதும் முதல் விலையைக் கொடுக்க வேண்டி வந்தது. யார் முதலில் நிற்கப்போகிறார் என்பது தெளிவாகத் தெளிவாக, நார்சிஸ், மெக்மில்லன் இருவரும் அணியை விட்டுக் கிளம்பிவிட்டார்கள். மெக்மில்லன் பக்கத்து நகரத்து டுலேன் அணிக்குப் போனார். மே மாதத்தில் மூன்றோடு ஒன்று நான்காக இருந்த அறையில், பருவம் தொடங்கும்போது உதவித்தொகையில் இருந்த குவார்ட்டர்பேக்குகள் இரண்டே பேர்: பரோ, பிரென்னன். வெளியிலிருந்து ஒருவரைக் கொண்டுவந்தால் உள்ளே இருப்பவர்களில் ஒருவராவது போவார் என்று முன்கூட்டியே கணக்கில் எழுதிவிட வேண்டும். இரண்டு பேர் போவார்கள் என்று எழுதிவைத்தால் இன்னும் பாதுகாப்பு. இருவரில் ஒருவருக்குக் கணுக்கால் பிசகினால் போதும், மொத்தப் பருவமும் ஒற்றை ஆளின் முழங்காலில் நிற்கும்.

முதல் ஆண்டு: 57.8

செப்டம்பர் 2, ஆர்லிங்டன். எதிரணி மயாமி. எல்எஸ்யு 33-17 என வென்றது. பரோவின் கணக்கு 24இல் 11, 140 யார்டு, டச்டவுன் இல்லை, இன்டர்செப்ஷனும் (எதிரணி பறித்த பாஸ்) இல்லை. யாரும் எழுந்து நின்று கைதட்டும் ஆட்டம் இல்லை. ஆனால் இதைத்தான் கேட்டிருந்தார்கள்: பந்தை எதிரியிடம் கொடுக்காதே. முதல் ஐந்து ஆட்டங்களில் ஒரு இன்டர்செப்ஷன்கூட இல்லை. ஆபர்னில் கடைசி நொடியில் 22-21. அந்த வெற்றிக் கோலை உதைத்த கோல் டிரேசியும் அதே கோடையில் ஒரு சிறிய கல்லூரியிலிருந்து வந்த பட்டதாரி டிரான்ஸ்ஃபர். (உதைப்பவரைத் தேடுவது இதைவிடப் பத்து மடங்கு எளிது. தூரம், உயரம், எத்தனை நொடியில் பந்து காலை விட்டுக் கிளம்புகிறது, அவ்வளவுதான் பார்க்க வேண்டும்.)

பருவம் 10-3 என்று முடிந்தது. பரோ 379 பாஸ்களில் 219 சேர்த்தார், 57.8 சதவீதம், 2,894 யார்டு, 16 டச்டவுன், 5 இன்டர்செப்ஷன். ஓடி 399 யார்டு, 7 டச்டவுன். அலபாமாவிடம் 29-0. டெக்சாஸ் ஏ அண்ட் எம்முக்கு எதிராக ஏழு கூடுதல் நேரங்கள் ஆடி 74-72 என்று தோற்றார்கள்.

இந்த 57.8ஐப் பார்த்துவிட்டு "பரவாயில்லை, சுமாரான ஆள்" என்று முடிவு கட்டியவர்கள் நிறையப் பேர். தவறு நடந்தது அங்கேதான். சதவீதம் குவார்ட்டர்பேக்கை மட்டும் அளப்பதில்லை; எந்தப் பாஸை எறியச் சொன்னார்கள் என்பதையும் சேர்த்து அளக்கிறது. 2018இல் எல்எஸ்யு முதல் இரண்டு முயற்சிகளில் ஓடும், மூன்றாவதில் 8, 9 யார்டு தேவைப்படும்போது பாஸ் எறியும். பாஸ் வரப்போகிறது என்று ஊருக்கே தெரியும். ரிசீவர்களில் ஜமார் சேஸ் முதலாண்டு, ஜஸ்டின் ஜெஃபர்சன் அப்போதுதான் தொடக்க வரிசைக்கு வந்தவர். இப்படிப்பட்ட ஆண்டில் பார்க்க வேண்டிய எண்கள் வேறு: 379 எறிதலில் 5 இன்டர்செப்ஷன், அடி வாங்கிய அடுத்த ஸ்னாப்பில் என்ன செய்தார் என்பது.

அதற்குப் பருவத்தின் கடைசி ஆட்டமான 2019 ஜனவரி 1 ஃபியெஸ்டா கிண்ணத்தைப் பார்த்தால் போதும். யுசிஎஃப் (சென்ட்ரல் ஃப்ளோரிடா பல்கலைக்கழகம்) அணிக்கு எதிராகத் தொடக்கத்திலேயே ஒரு பாஸ் எதிரி கைக்குப் போய், அவர் அதைக் கோடுவரை ஓடி டச்டவுனாக்கினார். துரத்திப் போன பரோவை, அவர் பார்க்காத பக்கத்திலிருந்து ஒருவர் இடித்துச் சாய்த்தார். புல்லில் கிடந்தவர் எழுந்து வந்து, அந்த ஆட்டத்தை 394 யார்டு, 4 டச்டவுன் என்று முடித்தார். 40-32.

என்ன மாறியது

அதே ஜனவரியில் தொழில்முறை அணியான நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸிலிருந்து ஜோ பிரேடி பாஸ் ஆட்டத்துக்கான பயிற்சியாளராக வந்தார். அதன் பிறகு எல்எஸ்யு அடிக்கடி எடுத்த நிலையில் குவார்ட்டர்பேக்குக்குப் பக்கத்தில் யாரும் இருக்க மாட்டார்கள். ஐந்து பேரும் பாஸ் வாங்கப் பரவி நிற்பார்கள். பாதுகாக்க முன்வரிசை ஐவர் மட்டும்.

இதன் கணக்கு மிகவும் எளிது, அதே அளவுக்குக் கொடூரமானது. எதிரணி ஐந்து பேரை அனுப்பினால் ஆளுக்கு ஒருவர். ஆறாவது ஆளையும் அனுப்பினால் அவரைத் தடுக்க யாரும் இல்லை. அந்த ஆறாவது ஆள் குவார்ட்டர்பேக்கின் பொறுப்பு. தடுக்க முடியாது, ஏமாற்றத்தான் முடியும். அவர் எங்கிருந்து வருவார் என்று ஸ்னாப்புக்கு முன்பே கண்டுபிடித்து, அவர் விட்டுவிட்டு வந்த காலி இடத்துக்கு, அவர் கை எட்டும் முன் பந்தை அனுப்ப வேண்டும். கை பலம் இதற்கு உதவாது. மே மாதம் வெள்ளைப் பலகையில் தேடச் சொன்ன அந்தத் திறமைக்குத்தான் இங்கே வேலை.

2019 செப்டம்பர் 7, ஆஸ்டின். 37-31 என்று முன்னிலை, மூன்று நிமிடத்துக்கும் குறைவு, மூன்றாவது முயற்சி, 17 யார்டு வேண்டும். பெரும்பாலான அணிகள் ஓடி நேரத்தைக் கரைத்துவிட்டுப் பந்தை உதைத்துக் கொடுக்கும். எல்எஸ்யு எறிந்தது. டெக்சாஸ் ஆட்களை அள்ளி அனுப்பியது. பரோ பின்வாங்கவில்லை, முன்னால் ஒரு அடி, இடப்பக்கம் ஒரு நழுவல், கண் கீழே இறங்கவே இல்லை. ஜெஃபர்சன் நடுவில் பிடித்து ஓடி, மொத்தம் 61 யார்டு டச்டவுன். அந்த ஆட்டத்தில் பரோவின் கணக்கு 39இல் 31, 471 யார்டு. ஒஹாயோ ஸ்டேட்டில் மூன்று ஆண்டில் எறிந்ததும் 39தான். நவம்பரில் அலபாமாவை 46-41 என்று வென்ற ஆட்டத்திலும், வேடிக்கை, 39இல் 31.

பருவ முடிவில் 527இல் 402, அதாவது 76.3 சதவீதம், 5,671 யார்டு, 60 டச்டவுன், 6 இன்டர்செப்ஷன். 15-0, நாட்டின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் விருது, கிளெம்சனுக்கு எதிராக 42-25 என்று தேசியப் பட்டம். ஆள் அதே ஆள். இரண்டாவது பருவம் மீதமில்லாமல் வந்திருந்தால் எல்எஸ்யுவின் ஏடுகளில் இருப்பது 57.8 மட்டும்தான்.

இன்று இதே தேடல்

2018 மே மாதத்தில் வேறு கல்லூரி வீரரிடம் பேசுவதற்கே அவருடைய கல்லூரி அனுமதிக்க வேண்டியிருந்தது. அதே ஆண்டு அக்டோபரில் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் வந்தது. பெயரைப் பதிந்தால் போதும், யாரும் தடுக்க முடியாது. 2021இல் முதல்முறை மாறுபவருக்கு ஓராண்டு காத்திருப்பு நீங்கியது. 2024இல் எத்தனை முறை மாறினாலும், படிப்பில் தகுதி இருந்தால் உடனே ஆடலாம் என்றானது. 2025 ஜூலையிலிருந்து கல்லூரிகளே வீரர்களுக்கு நேரடியாகப் பணம் தருகின்றன. முதல் ஆண்டு உச்சவரம்பு ஒரு கல்லூரிக்கு எல்லா விளையாட்டுக்கும் சேர்த்து 2.05 கோடி டாலர். 2026இல் கால்பந்துக்கான போர்ட்டல் ஜனவரி 2 முதல் 16 வரை மட்டுமே திறந்தது. வசந்தகால வாசல் மூடப்பட்டுவிட்டது.

கடைசி மாற்றத்தின் விளைவு பெரிது. ஏப்ரல் பயிற்சியில் தோற்று, மே மாதத்தில் அணி தேடும் பரோ இனி கிடைக்க மாட்டார். இரண்டு வாரத்துக்குள் வீடியோ, மருத்துவம், பாடப் பட்டியல், பணம் எல்லாம் முடிய வேண்டும். ஆகவே பட்டியல் அக்டோபரிலேயே தயாராக இருக்க வேண்டும். பேசக் கூடாது, அது விதிமீறல், பார்க்கலாம். எந்தெந்த அணிகளில் இரண்டாம் இடத்தில் உட்கார்ந்திருப்பவர் நல்லவர், யாருடைய பயிற்சியாளர் வேலை ஆட்டம் காண்கிறது, தன் பயிற்சியாளர்களில் யார் யாரோடு முன்பு வேலை செய்தவர் என்பதெல்லாம் முன்பே எழுதப்பட்டிருக்க வேண்டும். ஒரு லாபமும் உண்டு: ஜனவரியில் வருபவருக்கு வசந்தத்தின் 15 பயிற்சிகளும் கிடைத்துவிடும். பரோவுக்கு அது கிடைக்கவில்லை.

பழகிய பயிற்சியாளரைத் தேடிப் போவது இன்னொரு பாதை. மைக்கேல் பெனிக்ஸ் இண்டியானாவிலிருந்து வாஷிங்டனுக்கு 2022இல் போனபோது அங்கே தலைமைப் பயிற்சியாளர் கேலன் டிபோர். 2019இல் இண்டியானாவில் பெனிக்ஸின் தாக்குதல் பயிற்சியாளராக இருந்தவர். மொழிபெயர்ப்பு வேலை மிச்சம். முதல் ஆண்டே 4,641 யார்டு. கேலப் வில்லியம்ஸ் லிங்கன் ரைலியைத் தொடர்ந்து ஓக்லஹோமாவிலிருந்து தெற்குக் கலிஃபோர்னியாவுக்குப் போனதும் இப்படித்தான். அதே ஆண்டு ஹைஸ்மன். இந்தப் பாதை திறந்திருந்தால் முதலில் அதையே எடுக்க வேண்டும். எல்எஸ்யுவுக்கு 2018இல் அது இல்லை.

பின்னால் வந்த கணக்கு

பரோ 2020இல் தொழில்முறை அணிகள் கல்லூரி வீரர்களைத் தேர்ந்தெடுத்தபோது, சின்சினாட்டி பெங்கால்ஸுக்கு முதல் தேர்வாகப் போனார். 2018 ஆகஸ்டில் போகாமல் நின்ற பிரென்னன் இரண்டு ஆண்டு காத்திருந்து 2020இல் தொடக்க வீரரானார். மூன்றாவது ஆட்டத்தில் காயம். அதற்குப் பிறகு முதலாண்டு மாணவர்களை வைத்து ஆட வேண்டியதாயிற்று; அணி 5-5. 2021 பருவத்துக்கு முன் பிரென்னனின் கை முறிந்தது. 2022 மார்ச்சில் எல்எஸ்யு மறுபடியும் வெளியே தேடி, அரிசோனா ஸ்டேட்டிலிருந்து ஜேடன் டேனியல்ஸைக் கொண்டுவந்தது. ஆர்ஜெரான் போய் பிரையன் கெல்லி வந்திருந்தார். டேனியல்ஸ் வந்த பிறகு, ஆகஸ்ட் முகாமில் பிரென்னன் கால்பந்தையே விட்டார். டேனியல்ஸுக்கும் ஹைஸ்மன் கிடைத்தது இரண்டாவது பருவத்தில்தான், 2023இல்.